ஃபார்முலா மாறவில்லை என்று சொன்னவருக்கு

மேடையில் நின்று பொய் சொன்னீர்கள் சார்.

உங்களுக்குப் பொன்னாடை போர்த்திய அந்தச் சங்கக் கூட்டத்தில் நானும் இருந்தேன், கடைசி வரிசையில். ஒட்டுப்பசைத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் முன்வரிசைகளில் இருந்தார்கள். ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "சால்வன்ட்டால ஷூ கம்பெனிப் பொம்பளைங்களுக்குக் கால் நரம்பு போச்சுன்னு சொல்றாங்களே சார், நீங்க அந்த மாதிரி எதையாவது பார்த்திருக்கீங்களா?" நீங்கள் சிரித்தீர்கள். "எங்க காலத்துல ஐசோமர் வரைக்கும் போய் யாரும்மா பார்த்தா? யாருக்குத் தெரியும்? ஃபார்முலா சரியா இருந்தா டிரம் உள்ளே போகும், அவ்வளவுதான்." கூட்டமும் சிரித்தது. கைதட்டினார்கள்.

உங்களுக்குத் தெரியும். அப்போதே தெரியும். நான் பக்கத்தில் நின்று பார்த்தவன்.

பிள்ளைகளே, மீதியைக் கைதட்டிய உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். இந்த சார் பெயரையும் கம்பெனி பெயரையும் எழுதவில்லை. எழுதினால் வக்கீல் பதில் சொல்வார். எனக்கு அவர் வாயிலிருந்து பதில் வேண்டும். இந்த விஷயத்தில் ஒரு பெண் தன் மகளை இழந்தாள். மகள் சாகவில்லை. இரண்டு தெரு தள்ளியே வளர்ந்தாள், அம்மா தொடக்கூடாத பிள்ளையாக.

எண்பதுகளின் கடைசி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒட்டுப்பசை செய்யும் ஒரு கம்பெனியில் நான் லேப் கெமிஸ்ட். அவர் டெக்னிக்கல் மேனேஜர். எங்கள் பசையைப் பெரும்பாலும் வாங்கியது ஆவடியைத் தாண்டி, பருத்திப்பட்டுப் பக்கம் இருந்த ஒரு ஷூ கம்பெனி. அங்கே முழு ஷூ செய்வதில்லை. மேல்பகுதியை மட்டும் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்து, டப்பாவில் பிரஷ்ஷைத் தோய்த்து, தோல் ஓரத்தில் பூசி, மடித்து ஒட்டுவார்கள். பசையை அவர்கள் சொலூஷன் என்பார்கள்.

சொலூஷனில் ரப்பரைக் கரைத்து வைத்திருக்கும் சால்வன்ட் ஹெக்சேன். ஆறு கார்பன், பதினாலு ஹைட்ரஜன். இது உங்களுக்குத் தெரிந்த பாடம், ஆனாலும் சொல்கிறேன். ஆறு கார்பனும் ஒரே வரிசையில் கைகோத்து நிற்கலாம். ஐந்து பேர் வரிசையில் நிற்க, ஆறாவது ஆள் நடுவில் ஒருவனைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நிற்கலாம். இன்னும் வேறு மாதிரியும் நிற்கலாம். எல்லாவற்றுக்கும் ஃபார்முலா ஒன்று, எடை ஒன்று. ஐசோமர் என்பது இதைத்தான். நேராக நிற்பது உடம்புக்குள் போய் வேறொன்றாக மாறி நரம்பைத் தின்னும். கிளைவிட்டவை அப்படி மாறுவதில்லை. அவையும் மூச்சுக்கு நல்லவை என்று சொல்ல வரவில்லை. ஆனால் காலைப் பிடுங்கிக்கொள்ளாது.

நாங்கள் முதலில் வாங்கிய ஹெக்சேன் எல்லாம் கலந்தது. கிளைவிட்டதுதான் அதிகம். அது முன்னதாக ஆவியாகிவிடும், மற்றது தங்கிவிடும், பாதி டப்பாவிலேயே பசை திரளும். ஓரம் ஒட்டவில்லை என்று ஷூ கம்பெனி திட்டிக்கொண்டே இருந்தது. நம் சார் உட்கார்ந்து யோசித்தார். புத்திசாலி, அதில் சந்தேகமில்லை. ஒரே சீராகக் காயும் சரக்கை வரவழைத்தார். கிட்டத்தட்ட முழுக்க நேர்ச்சங்கிலி, ஆறும் ஒரே வரிசையில் நிற்பது. பொங்கலுக்குப் பிறகு மாற்றினோம். பசை பிரமாதமாக வந்தது. பாராட்டு அவருக்கு. நியாயமான பாராட்டு.

இப்போது கவனியுங்கள். முதல் டிரம் வந்த அன்றே எங்கள் கலவை அறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் போடச் சொன்னார். ஜன்னல் கதவுகளைக் கழற்றியே வைத்துவிடச் சொன்னார். ஏன் என்று கேட்டேன்.

"இது நேர்ச்சங்கிலிப்பா. நரம்புக்கு ஆகாது. மூடின ரூம்ல இதோட உட்காராதே."

"அப்ப ஷூ கம்பெனிக்கும் சொல்லிடலாமா சார்?"

"நாம டிரம் டிரம்மா கலக்கறோம். அவங்க பிரஷ்ல தொட்டுப் பூசறாங்க. ரெண்டும் ஒண்ணா? சரக்கு மாறிச்சுன்னு சொன்னா மறுபடி சாம்பிள், மறுபடி டெஸ்ட்டும்பான். ஃபார்முலா அதேதான், சும்மா இரு."

டிரம் மேல் லேபிளும் மாறவில்லை. பழைய பெயரேதான்.

இதுதான் அவர் சொன்னது. "யாருக்குத் தெரியும்" என்று மேடையில் கேட்டாரே, அவருக்குத் தெரியும்.

ஆடி மாதம் ஒரு காலையில் ஷூ கம்பெனிக்குப் போனேன். பசை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வரும் வேலை. ஒட்டும் ஹாலுக்குள் அன்றுதான் முதல்முறை நுழைந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். காலில் ஒட்டி வரும் மண் தோலில் கோடு போட்டுவிடுமாம். உள்ளே ஃபேன் ஓடவில்லை. காற்றடித்தால் பசை மேலே ஆடை கட்டும். ஜன்னல்களும் சாத்தியிருந்தன, வெளியே லாரிப் புழுதி. அந்த வாடையில் எனக்குத் தலை சுற்றியது. காலையிலிருந்து மாலை வரை அவர்கள் அதில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

ஹாலுக்கு சூப்பர்வைசர் ஸ்டெல்லா. பூந்தமல்லிக்காரி, வாய் நீளம். என்னைப் பார்த்ததும், "வாங்க சார், நல்ல நாள்ல வந்துக்கிறீங்க. எங்க ஹால்ல சாமி கீது, கும்புட்டுக்கோங்க" என்றாள்.

மூலையில் சுவாமி படத்துக்குக் கீழே ஒரு பெண் மாலையோடு உட்கார்ந்திருந்தாள். பெயர் அஞ்சலை. சேக்காட்டில் வீடு, புருஷன் லேத்தில் வேலை, பள்ளிக்கூடம் போகாத சின்னப் பெண் குழந்தை ஒன்று. அவள் தெரு அம்மன் கோயிலில் முந்தின நாள் பூ மிதி. நெருப்பில் நடப்பதைப் பூ மிதிப்பது என்றுதான் சொல்வார்கள். எல்லாரும் ஓடிக் கடந்த குழியில் இவள் மெல்ல நடந்தாளாம். நடுவில் நின்று கையெடுத்துக் கும்பிட்டாளாம். தெருவே காலில் விழுந்ததாம். ஷூ கம்பெனி முதலாளி காலையில் வந்து கற்பூரம் காட்டி அவள் கையால் விபூதி வாங்கிக்கொண்டு போயிருந்தார்.

நானும் கும்பிடப் போனேன். அவள் காலைப் பார்த்தேன். பாதம் முழுக்க வெந்து தோல் உரிந்து கிடந்தது. ஒரு கரித்துண்டு குதிகாலில் அப்படியே பதிந்திருந்தது. அந்தக் காலோடு பஸ் ஏறி வேலைக்கு வந்திருக்கிறாள்.

"வலிக்கலியாம்மா?"

"இன்னாத்துக்கு சார் வலிக்கும்? ஆத்தா கூட கீறா."

ஸ்டெல்லா குனிந்து பார்த்தாள். முகம் மாறியது. "அடியே, கண்ண மூடு. எந்த வெரல தொடறேன் சொல்லு."

"எங்க தொட்டக்கா?"

"தொட்டுக்கினுதான் கீறேன்."

அஞ்சலை கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். "அது ரொம்ப நாளா அப்டிதாங்கா கீது. வெரதம் எடுக்கறதுக்கு மின்னியே. கால் எங்க கீதுன்னே தெரில. ஆத்தா மின்னாடியே கால வாங்கிக்கினான்னு நெனச்சேன்."

வரிசையில் இருந்த இன்னொருத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "இவளாச்சும் சாமி. அந்தக் கடைசில குந்திகினுகீறாளே, அவ பஸ் ஸ்டாப்பாண்ட செருப்ப வுட்டுட்டு ஊடு வரிக்கும் போய்ட்டா. கால்ல இல்லன்னே தெரில. எவனயோ நெனச்சிகினு போறான்னு கலாய்ச்சினு இருந்தோம்." அவள் மட்டுமில்லை. கேட்கக் கேட்க இன்னும் சிலர் சொன்னார்கள். கெண்டைக்காலில் குடைச்சல், படி ஏறும்போது முன்பாதம் தட்டுகிறது, செருப்பு நிற்பதில்லை. வெறுங்காலோடு தரையில் உட்கார்ந்து செய்யும் வேலை, அதனால் ஹாலுக்குள் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

பக்தியை நான் கேலி செய்யவில்லை. அவள் நம்பியது அவளுக்கு உண்மை. ஆனால் அவள் காலை வாங்கிக்கொண்டது யார் என்று எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது.

நேராக அம்பத்தூர் திரும்பினேன். சாரிடம் சொன்னேன். ஒன்றும் தெரியாத மனிதன் என்ன கேட்பான்? "என்ன உளறுகிறாய், பசைக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பான். அவர் அதைக் கேட்கவில்லை. எழுந்து கதவைச் சாத்தினார்.

"எத்தனை பேருக்கு?"

சொன்னேன்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

இந்த இரண்டு கேள்விகளையும் நான் இத்தனை வருஷம் மறக்கவில்லை.

அஞ்சலையின் கால் புண் ஆறவில்லை. ஸ்டெல்லா அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு டாக்டரம்மா. நம் ஊரில் கால் மரத்துப்போய் புண்ணோடு ஒருவர் வந்தால் எந்த டாக்டரும் முதலில் நினைப்பது தொழுநோய். நினைப்பதில் தப்பில்லை, பார்த்துத்தான் ஆக வேண்டும். காது மடலில் கீறி சாம்பிள் எடுத்தார்கள். காதில் கீறினால் எந்த வியாதிக்கு என்று ஊருக்கே தெரியும். அன்று மாலையே சேக்காட்டில் தெரிந்துவிட்டது. முந்தின வாரம் காலில் விழுந்த தெரு, குழாயடியில் அவள் குடத்தைத் தள்ளி வைத்தது. மாமியார் தட்டும் டம்ளரும் தனியாக எடுத்துக் கொடுத்தாள். குழந்தையை அவளோடு படுக்க விடவில்லை. தொழுநோய் வந்தவரையும் இப்படி நடத்தக்கூடாது, அது குணமாகிற வியாதி. அது வேறு அநியாயம், அதைப்பற்றி இன்னொருவர் எழுதட்டும். இவளுக்கு அந்த வியாதியே இல்லை.

டாக்டரம்மாவுக்கு சந்தேகம். தோலில் தேமல் இல்லை. இரண்டு காலும் ஒரே மாதிரி, கீழிருந்து மேலே போகிறது. சாம்பிளிலும் ஒன்றும் இல்லை. அவர் நேராக ஷூ கம்பெனிக்கே வந்தார். முதலாளி பயந்துபோய் எங்கள் சாரைக் கூப்பிட்டார். சார் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். டப்பா தூக்க ஒரு ஆள் வேண்டுமே.

முதலாளி அறையில் எல்லாரும் நின்றோம். அஞ்சலையும் ஸ்டெல்லாவும் கதவோரம். டாக்டரம்மா டப்பாவை மோந்து பார்த்துவிட்டு எங்கள் சாரிடம் கேட்டார்:

"இந்த வருஷம் இதுல ஏதாவது மாத்தினீங்களா?"

"இல்ல டாக்டர். ஃபார்முலா அப்படியேதான் இருக்கு."

"நிச்சயமா?"

"சி சிக்ஸ் ஹெச் ஃபோர்ட்டீன். அன்னைக்கும் அதுதான், இன்னைக்கும் அதுதான்."

பிள்ளைகளே, இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. பரீட்சையில் எழுதினால் முழு மார்க். டாக்டரம்மா கேட்டது ஃபார்முலாவை அல்ல. இந்தப் பெண் மூச்சில் போவது மாறியதா என்று கேட்டார். நம் தொழிலில் உண்மையான விடையை வைத்தே மறைக்க முடியும். அதை நம்மைப்போலப் படித்தவன்தான் செய்ய முடியும்.

நான் சொன்னேன்: "ஃபார்முலா மாறல டாக்டர். சரக்கு மாறியிருக்கு."

சார் என் தோளில் கை போட்டார். "பையன் காலேஜ் பாடத்தை இன்னும் மறக்கல."

"என்ன பாடம்?" என்றார் டாக்டரம்மா.

பிரஷ்ஷை எடுத்து டப்பா மூடியில் இரண்டையும் வரைந்து காட்டினேன். கிளையோடு ஒன்று, நேராக ஒன்று. முன்பு இது அதிகம், பொங்கலுக்குப் பிறகு அது அதிகம் என்றேன். அவர் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அஞ்சலையிடம், "எப்பலேர்ந்தும்மா மரத்துச்சு?" என்று கேட்டார்.

"வெயில் காலத்துலேர்ந்து டாக்டரம்மா."

அவர் புத்தகங்களைப் பார்த்து, பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டு, பசைதான் காரணம் என்று உறுதி செய்தார். அந்த வாரமே கால் மரத்த பெண்களை ஹாலிலிருந்து வெளியே எடுத்தார்கள்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்த அஞ்சலைக்குக் கால் இன்னும் மோசமானது. முன்பாதம் தொங்கிவிட்டது, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இந்த நரம்புக் கோளாறின் குணம் அது. மூச்சில் போவது நின்ற பிறகும் கொஞ்ச காலம் ஏறிவிட்டுத்தான் இறங்கும். டாக்டரம்மா இதை முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஆனால் நம் சார் ஷூ கம்பெனி முதலாளியிடம் வேறு விதமாகச் சொன்னார்: "வேலைக்கே வரல, வியாதி ஏறுது. அப்புறம் எப்படி சார் எங்க பசையா இருக்கும்? அந்தம்மாவுக்கு முன்னாடியே அந்த வியாதி இருந்திருக்கு." முதலாளி அதை ஹாலில் சொன்னார். ஹாலில் சேக்காட்டுப் பெண்கள் இருந்தார்கள்.

டாக்டரம்மா அவள் வீட்டுக்கே போய், சாம்பிள் ரிசல்ட்டைச் சொல்லி, இது அந்த வியாதி இல்லை என்று மாமியார் எதிரில் நின்று சொன்னார். ஸ்டெல்லா கூடப் போயிருந்தாள், அவள்தான் எனக்குச் சொன்னாள். மாமியார் கேட்டது ஒரே கேள்வி: "நீ சொல்ற டாக்டரம்மா, கம்பெனி சொல்லலியே? சொலூஷன் குத்தம்னா சொலூஷன்காரன் வந்து சொல்லமாட்டானா?"

அந்த அம்மாவை நான் திட்ட மாட்டேன். சரியான இடத்தில்தான் கேட்டாள்.

நான் சாரிடம் போய்க் கேட்டேன். நஷ்டஈடு பேசவில்லை. ஒருமுறை சேக்காட்டுக்கு வந்து, எங்கள் பசையில் ஆன கோளாறு என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், அவள் குழந்தையோடு படுத்துத் தூங்கட்டும் என்றேன். "அந்த ஒரு வார்த்தை சொன்னா கம்பெனி இருக்காதுடா" என்றார். பிறகு நான்தான் அந்தக் கம்பெனியில் இல்லை. சேக்காட்டுக்கு நானே போய்ச் சொன்னேன். புருஷன் தெருவிலேயே நிறுத்தினான். "அண்ணாத்தே, உன்ன கம்பெனிலேர்ந்து தொரத்திட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். கோவத்துல இன்னா வேணா பேசுவ. பெரியவர இட்டுக்கினு வா, அப்பால பாக்கலாம்."

பெரியவர் வரவில்லை. கம்பெனி சத்தமில்லாமல் பழைய கலவைச் சரக்குக்குத் திரும்பியது. ஷூ கம்பெனி ஹாலில் ஜன்னல்கள் திறந்தன. மற்றப் பெண்களுக்கு மெல்ல மெல்லக் கால் திரும்பி வந்தது, ஏறக்குறைய முழுசாக. அஞ்சலைக்குப் பாதி வந்தது. அதற்குள் புருஷன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். குழந்தையைத் தரவில்லை. அவள் அதே சேக்காட்டில் இரண்டு தெரு தள்ளி அக்காள் வீட்டில் இருந்துகொண்டு, பள்ளிக்கூடம் விடும் நேரம் பார்த்து வாசலில் நிற்பாள். பெண் எதிர்ப்பக்கமாகப் போய்விடும். அப்படித்தான் சொல்லிக்கொடுத்து வளர்த்தார்கள்.

பிறகு நான் வேறு இடங்களில் வேலை செய்தேன். திருவேற்காட்டுப் பக்கம் ஒரு சின்ன யூனிட்டில் லேப் முழுக்க என் பொறுப்பு. உள்ளே வரும் எந்த டிரம்மையும் ஃபார்முலா பார்த்து இறக்க விட்டதில்லை. கார்பன் எப்படி அடுக்கியிருக்கிறது என்று போர்டில் வரைந்த பிறகுதான் இறக்குவார்கள். பிடிவாதக்காரன் என்று பெயர். இருக்கட்டும். உங்களுக்கும் அந்தப் பெயர் வரட்டும். சரக்கு மாறினால் அதை மூச்சில் இழுப்பவரிடம் முதலில் சொல்லுங்கள், வாங்குபவரிடம் பிறகு. "என்ன மாறியது" என்று ஒருவர் கேட்டால் அவர் எதற்காகக் கேட்கிறார் என்று பாருங்கள், அதற்குப் பதில் சொல்லுங்கள். சொல்ல வேண்டியதை அந்த அறையிலேயே, எல்லாரும் இருக்கும்போதே சொல்லுங்கள். வெளியே வந்து சொன்னால் கோபக்காரன் பேச்சாகிவிடும், எனக்கு ஆன மாதிரி.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் கழித்து அந்த மகளுக்குக் கல்யாணம். அஞ்சலையைக் கூப்பிடவில்லை. பெண்ணுக்கு அம்மா இல்லை என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிவிட்டார்களாம். இப்போது பேரப்பிள்ளை இருக்கிறது. அதையும் அவள் தொட்டதில்லை. போன மாதம்கூடப் பார்த்தேன். கூட்டத்தில் நீங்கள் பேசியதைச் சொன்னேன். "அவுரு இன்னும் கீறாரா சார்?" என்று மட்டும் கேட்டாள்.

சார், இனி உங்களிடம்.

சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கும் உங்களைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். இதே பிள்ளைகள் இருப்பார்கள், நானும் இருப்பேன். கேள்வி கேட்ட அந்தப் பெண்ணை முன்வரிசையில் உட்காரச் சொல்லியிருக்கிறேன். கலவை அறையில் ஃபேன் போடச் சொன்னது ஏன், டாக்டரம்மாவிடம் இல்லை என்று சொன்னது ஏன், இரண்டுக்கும் மைக்கில் பதில் சொல்லுங்கள். வயதாகிவிட்டது, ஞாபகம் இல்லை என்று சொல்லாதீர்கள். அன்றைக்கு மேடையில் ஒட்டுப்பசையின் பிசுபிசுப்பு எண்களைக்கூடத் தாளைப் பார்க்காமல் சொன்னீர்கள்.

சொல்லிவிட்டு சேக்காட்டுக்கு வாருங்கள். அஞ்சலையின் மகள் இப்போதும் அவளைத் தள்ளிவைத்த அதே தெருவில்தான் இருக்கிறாள். அவள் வாசலில் நின்று, உன் அம்மாவுக்கு வந்தது நாங்கள் கொடுத்த பசையால் வந்தது, தொற்றுவியாதி எதுவும் இல்லை என்று அக்கம்பக்கம் கேட்கச் சொல்லுங்கள். உங்கள் வாயால் சொன்னால்தான் நம்புவார்கள். என்றைக்கு வருகிறீர்கள்? அதையும் மேடையிலேயே சொல்லிவிடுங்கள்.